நொய்க்கோல்ன் பேட்டையில் தெருவெல்லாம் திரை

2025 ஜூன் 26, வியாழன்: சூறைக்காற்றோடு வந்து சேர்ந்தேன்

பெர்லினில் இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் வானம் கறுத்துவிட்டது. கோவையில் தென்மேற்குப் பருவமழை பார்த்து வளர்ந்தவன் நான். மழை எனக்குப் புதிதில்லை. இது காற்று. விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் குப்பைத் தொட்டி ஒன்று தானாகவே சாலையைக் கடந்து போனது. கீழே ரயில் நிலையத்துக்குப் போனால் பலகை முழுக்கச் சிவப்பு எழுத்து. தண்டவாளத்தில் மரங்கள் விழுந்துகிடப்பதாக அறிவிப்பு. எத்தனை நேரமாகும் என்று கேட்டதற்குச் சீருடை அணிந்த பெண் தோளைக் குலுக்கிவிட்டு, கையிலிருந்த தாளில் "X7, ரூடோ" என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பேருந்தில் ஏறி ரூடோவில் இறங்கினால் சுரங்க ரயில் கிடைக்கும். U7 தடம். பூமிக்கு அடியில் ஓடுவதால் அதற்குப் புயல் ஒரு பொருட்டில்லை.

பேருந்தில் நிற்கவே இடமில்லை. ஆனாலும் ஒரு குழந்தை வண்டி ஏறியபோது எல்லாரும் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே நகர்ந்து இடம் விட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

தங்கியிருப்பது நொய்க்கோல்ன் பகுதியில், நண்பரின் உறவினர் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர். 1984ல் இங்கே வந்தவர். எல்லாரும் கூப்பிடுகிறபடி நானும் அவரை அண்ணை என்றே கூப்பிடுகிறேன். கதவைத் திறந்ததுமே, "வாரும் தம்பி, நல்லா நனைஞ்சு போனீர். முதல்ல துவாயை எடுத்துத் தலையைத் துடையும், பிறகு கதைப்பம்" என்றார். வீட்டுக்கார அக்கா இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்தார். சொதியில் தேங்காய்ப்பால் கெட்டியாக இருந்தது. பால் டின்னில் வருவதுதான், ஆனால் அதைக் கொதிக்கவிடாமல் இறக்கத் தெரிந்த கை.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கோவையில் நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு படம் திரையிடுகிறோம். சில மாதம் நூலக அரங்கில், சில மாதம் மொட்டை மாடியில். வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். எல்லாருடைய கையிலும் திரை இருக்கும்போது எதற்காகக் கூடி உட்கார வேண்டும் என்ற கேள்விக்கு எங்களிடம் சரியான பதில் இல்லை. அப்போதுதான் இந்தப் பேட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஒவ்வொரு ஜூனிலும் வெள்ளி மாலை 7 மணி தொடங்கி ஞாயிறு மாலை 7 மணி வரை, சரியாக 48 மணி நேரம், கடை, மாதா கோயில், வீட்டு முற்றம், நிலவறை என்று எல்லா இடத்திலும் கலை நிகழ்ச்சி. பெயரே '48 மணி நேர நொய்க்கோல்ன்'. 1999லிருந்து நடக்கிறது. அனுமதி இலவசம். அதில் காணொளிக் கலையும் குறும்படங்களும் ஒரு நல்ல பங்கு.

இன்று ஒரு பூங்காவில் திறந்தவெளித் திரையிடல் பார்ப்பதாக இருந்தேன். மரக்கிளைகள் ஒடிந்து தொங்குவதால் ரத்து என்று செய்தி வந்தது. ஜன்னலுக்கு வெளியே தீயணைப்பு வண்டிகளின் சத்தம் ஓயவே இல்லை. படுக்கப் போகிறேன்.

ஜூன் 27, வெள்ளி: இருட்டுக்குக் காத்திருக்கும் ஊர்

காலையில் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. நடைபாதை முழுக்க லிண்டன் மரத்தின் இலைகளும் சுள்ளிகளும். அதன் பூவுக்கு ஒரு தேன் வாசம் உண்டு. ஈரத்தில் அது இன்னும் தூக்கலாக வந்தது.

கால்வாய்க் கரையில், மாய்பாஹூஃபர் என்ற தெருவில், செவ்வாயும் வெள்ளியும் துருக்கிச் சந்தை கூடுகிறது. பணம் மாற்றிக் கணக்குப் பார்ப்பது எளிது, ஒரு யூரோ ஏறக்குறைய 100 ரூபாய். கீரையும் வெள்ளைப் பாலாடைக் கட்டியும் வைத்துத் தட்டையாகச் சுட்ட கோஸ்லெமே ஒன்று 5 யூரோ. 500 ரூபாய்க்கு ஒரு ரொட்டியா என்று மனசு அடித்துக்கொண்டாலும் வயிறு நிறைந்தது. மாம்பழம் விற்றவர் நான் எடுத்துப் பார்த்த பழத்தை வாங்கி வைத்துவிட்டு, "அது நாளைக்கு, இன்றைக்கு இது" என்று வேறொன்றைக் கையில் கொடுத்தார். அவர் சொன்னது சரிதான்.

மாலை 7 மணிக்குத் திருவிழா தொடங்கியது. நாதஸ்வரம், பட்டாசு எதுவும் கிடையாது. கடைகளின் வாசலில் ஒரு அறிவிப்புத் தாள் ஒட்டப்படுகிறது, கதவு திறக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு ஒரு சிக்கல் உடனே புரிந்தது. ஜூன் கடைசியில் இங்கே சூரியன் மறைவதே இரவு 9.30க்கு மேல். நன்றாக இருட்டுவதற்கு 10.30 ஆகிவிடுகிறது. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் போடக் கூடாது என்பதோ சட்டம். காலை 6 வரை அமைதி நேரம். அதாவது, படம் தெரிய ஆரம்பிக்கும்போது ஒலி பேசக் கூடாது. திரையிடுகிற எல்லாரும் இந்த முரணுக்கு ஆளுக்கொரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்ப்பதற்காகவே வந்தது நல்லதாயிற்று என்று தோன்றியது.

நான் அதிக நேரம் நின்றது ஒரு பழைய சாவிக்கடையின் முன்னால். கடை மூடிப் பல வருடமாகிவிட்டது. ஜன்னலுக்கு மேலே மங்கிய சாவிப் படம் மட்டும் மீதி. ஒரு பெண், முப்பது வயதிருக்கும், கண்ணாடி ஜன்னலின் உட்புறம் ட்ரேசிங் பேப்பரை ஒட்டிக்கொண்டிருந்தார். மூன்று பட்டைகள். ஒன்றின் விளிம்பின் மேல் இன்னொன்று அரை விரற்கடை ஏறும்படி. நேற்றைய மழை ஈரத்தில் நடுப்பட்டை சுருங்கிக் கோடு விழுந்திருந்தது. தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்தினார். காகிதம் சொல்பேச்சுக் கேட்பதுபோல் இழுத்து நிமிர்ந்தது. கோடு போகும்வரை அவர் நிறுத்தவே இல்லை.

உள்ளே, ஜன்னலிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி ஒரு சின்ன புரொஜெக்டர். பின்னாலிருந்து ஒளி பாய்வதால் தெருவில் நிற்பவருக்குப் படம் இடம் வலம் மாறித் தெரியும். அதனால் கருவியிலேயே படத்தைப் புரட்டி வைக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த விஷயம்தான். எனக்குத் தெரியாமல் இருந்தது, அவர் எதிர்க்கடைக்காரரிடம் பேசி வைத்திருந்தது. எதிரே இரவு முழுக்கத் திறந்திருக்கும் பெட்டிக்கடை. அதன் நீல விளக்குப் பலகை நேராக இந்த ஜன்னலில் விழுகிறது. 10 மணி ஆனதும் கடைக்காரர் வெளியே வந்து, ஸ்டூலில் ஏறிப் பலகையின் இணைப்பைப் பிடுங்கினார். இறங்கி இந்தப் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினார். வெள்ளிக்கிழமை இரவில் ஒரு கடைக்காரர் தன் பெயர்ப் பலகையை அணைப்பது சாதாரண விஷயமில்லை.

படம் 9 நிமிடம். ஒலியே கிடையாது. அந்தத் தெருவில் வேலை செய்கிறவர்களின் கைகள் மட்டும். முடி வெட்டும் கை, மாவு பிசையும் கை, சைக்கிள் டயரைக் கழற்றும் கை, பல் பிடுங்கும் கை. முகம் ஒன்றுகூட இல்லை. கூட்டம் பத்துப் பேர், பன்னிரண்டு பேர். போகிறவர்கள் நின்று, பார்த்து, நகர்ந்தார்கள். திடீரென்று வெள்ளை உடுப்பில் ஒருவர் ஓடி வந்தார். பக்கத்துத் தெரு ரொட்டிக் கடைக்காரர். அவருடைய கை திரையில் வரும்போது, பக்கத்தில் நின்ற சிறுவனிடம் தன் வலது கையை நீட்டி, கட்டைவிரல் ஓரத்து வெட்டுத் தழும்பைக் காட்டினார். திரையிலும் அதே தழும்பு, ஒரு முழ நீளத்துக்கு. சிறுவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அடுத்த சுற்றும் பார்த்துவிட்டுத்தான் அவர் அடுப்புக்குத் திரும்பினார்.

எங்கள் கேள்விக்கு இது ஒரு பதிலாக எனக்குப் பட்டது. உலகத்துச் சிறந்த படங்களையெல்லாம் நாங்கள் கோவைக்குக் கொண்டுவந்து காட்டினோம். கோவையை ஒரு தடவைகூடத் திரையில் காட்டவில்லை.

ஜூன் 28, சனி: அண்ணையோடு ஊர்வலம்

நேற்றிரவு ஒரு மணிக்கு மேல்தான் தூங்கினேன். காலையில் கால் இரண்டும் கெஞ்சின. அக்கா கொடுத்த தேநீரும் ரொட்டியும் சம்பலும் இல்லாவிட்டால் எழுந்திருக்க மாட்டேன்.

முதலில் கிண்ட்ல் (KINDL) என்ற கலை மையம். ஒரு காலத்தில் பீர் காய்ச்சிய ஆலை. 1920களின் கடைசியில் எழுந்த செங்கல் கட்டடம், கோட்டை மாதிரி. 2005ல் உற்பத்தி நின்றது. இப்போது சமகாலக் கலைக்கூடம். பழைய கொதிகலன் கூடம் 20 மீட்டர் உயரம். அதை அறை அறையாகத் தடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். கீழே காப்பிக் கடையில் பெரிய செம்புக் கொப்பரைகள் இன்னும் மினுமினுக்கின்றன. காப்பி சுமார். கொப்பரைகளைப் பார்த்துக்கொண்டு குடிக்கலாம் என்பதால் மன்னித்தேன்.

மத்தியானம் கோர்னர் பூங்கா. தெருவிலிருந்து பார்த்தால் பூங்கா கண்ணுக்கே படாது. படியிறங்கினால் பள்ளத்தில் நீரூற்றும் புல்வெளியும் விரிகிறது. முன்பு அது ஜல்லிக் குழி. உரிமையாளர் 1910ல் அதை ஊருக்குக் கொடுத்தார், தன் பெயரை வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்போது இந்த ஊருக்கே வேறு பெயர், ரிக்ஸ்டோர்ஃப். கேளிக்கைக்கும் குடிக்கும் பேர்போன இடம் என்று அந்தப் பெயர் கெட்டுப்போனதால் 1912ல் நொய்க்கோல்ன் என்று மாற்றினார்கள். 1990களின் கடைசியில் பத்திரிகைகள் மறுபடியும் இந்தப் பேட்டையை உருப்படாத இடம் என்று எழுதின. இந்த முறை யாரும் பெயரை மாற்றவில்லை, 48 மணி நேரத் திருவிழாவைத் தொடங்கினார்கள். இரண்டில் எது நல்ல வழி என்று நான் சொல்லத் தேவையில்லை.

மாலையில் அண்ணை, "நானும் வாறன் தம்பி. நாப்பது வருசமா இஞ்ச இருக்கிறன், இதுக்குள்ள ஒருக்காலும் போனதில்ல" என்று சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். கார்ல் மார்க்ஸ் தெருவில் பாஸாஜ் என்ற கட்டடத்தைக் காட்டினார். ஒரு தெருவில் நுழைந்து இன்னொரு தெருவில் வெளியேறும்படி நடுவில் வழி. 1910 வாக்கில் எழுந்தது. ஒரு பக்கம் சினிமா, ஒரு பக்கம் இசை நாடக அரங்கு. உள்ளே மேல்தளத்தில் பொன்வண்ணப் பூவேலை. அங்கே நிற்கும்போது எனக்கு எங்கள் ஊர் நினைப்பு வந்துவிட்டது. திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, டென்ட் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். பிறகு கோவையில் 1914ல் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தப் பெயரில்தான் இன்றும் சாலை இருக்கிறது. பெர்லினிலோ ஸ்கிளாடனோவ்ஸ்கி சகோதரர்கள் 1895 நவம்பர் 1ஆம் தேதியே கட்டணம் வாங்கிப் படம் காட்டிவிட்டார்கள், லூமியேர் சகோதரர்களின் பாரிஸ் காட்சிக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முந்தி. அங்கேயும் இங்கேயும் பெரிய கம்பெனிகள் வருவதற்கு முன்னால், ஒரு கருவியும் ஒரு திரையும் வைத்துக்கொண்டு நின்ற தனி ஆட்கள்தான் எல்லாவற்றையும் தொடங்கினார்கள்.

அண்ணையிடம் இதைச் சொன்னதும் அவர் தன் கதையை ஆரம்பித்தார். கொழும்பிலிருந்து விமானம் ஏறி, கிழக்கு ஜெர்மனியின் ஷோனஃபெல்டில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ் தெரு நிலையம் வழியாக ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் வந்தவர்களில் அவரும் ஒருவர். ஊர் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்திருந்த காலம். மேற்குத் தரப்பு அந்தப் பிரிவை நாட்டெல்லையாக ஒப்புக்கொள்ளாததால் அந்தப் பக்கத்தில் எல்லைச் சோதனை வைக்கவில்லை. 1985ல் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அடைத்துவிட்டது. நான் முந்தாநாள் இறங்கியதும் அதே ஷோனஃபெல்டில்தான். அவர் இறங்கியபோது கையில் இருந்தது ஒரு தோள்பை.

"வேலை செய்ய விடமாட்டாங்கள். ஊரை விட்டு வெளியில போகவும் ஏலாது. அப்ப எங்களுக்கு என்ன இருந்தது? வீடியோக் கொப்பிதான். ஒருத்தரிட்ட டெக் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கினா ஞாயிறு விடிய மட்டும் ஓடும். ஒரு அறைக்குள்ள இருவது பேர். நித்திரை வந்தவன் இருந்தபடியே சரிஞ்சிடுவான். கொப்பி தேஞ்சு, முகமெல்லாம் கோடு கோடா வரும். நடிகர் ஆரெண்டு குரலை வச்சுத்தான் பிடிப்பம். எண்டாலும் ஒருத்தரும் எழும்பிப் போகமாட்டினம். தமிழ் காதில விழுந்தா காணும்."

வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு வரை. இந்தத் திருவிழாவுக்கும் அதே கணக்கு. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "அப்ப நாங்களும் அந்த நேரமே இதைச் செய்திருக்கிறம்" என்று அவரே சொல்லிவிட்டார். அதில் ஒரு பெருமிதம் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

ஸொன்னென் என்ற நிழற்சாலையில் ஒரு அரபுக் கடையில் ஃபலாஃபலும் ஹுமுஸும் சாப்பிட்டோம். தட்டுக்கு 8 யூரோ. ஊறுகாய் டர்னிப், புதினா, பச்சை மிளகாய் எல்லாம் கேட்காமலே வந்தன. இரண்டாவது தடவை ரொட்டியும் வந்தது, பில்லில் ஏறவில்லை.

இரவு ஒரு குடியிருப்பின் பின் முற்றத்தில் திரையிடல். நான்கு பக்கமும் ஐந்து மாடி வீடு, நடுவில் கிணறு மாதிரி முற்றம். சுவரில் நேராகப் படம். ஒலிக்குக் கம்பியில்லாத ஹெட்போன். அடையாள அட்டையைக் கொடுத்தால் தருகிறார்கள். என்னிடம் இருந்தது பாஸ்போர்ட் மட்டும். கொடுக்கத் தயங்கினேன். மேசையில் இருந்த பையன் அதைப் புரிந்துகொண்டு, "வேண்டாம், உங்கள் குடையை வைத்துவிட்டுப் போங்கள்" என்றான். அறுபது பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அங்கே ஒரு சத்தமும் இல்லை. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மூன்றாம் மாடியில் ஒரு அம்மா ஜன்னலில் தலையணை போட்டு, கையூன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒருவர் படியேறிப் போய் ஒரு ஹெட்போன் கொடுத்துவிட்டு வந்தார்.

பாதிப் படத்தில் படம் உறைந்தது. கருவி சூடேறிவிட்டது. திரையிட்ட இளைஞர் நிகழ்ச்சித் தாளையே விசிறியாக்கி வீசிக்கொண்டு, எல்லாரிடமும் இரண்டு நிமிடம் கேட்டார். ஏழு நிமிடம் ஆயிற்று. ஒருவரும் எழவில்லை. அந்த நேரத்தில் பக்கத்திலிருந்த முதியவர் அண்ணையிடம் ஜெர்மனில் பேச்சுக் கொடுத்து, இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேறு வேறு வருடங்களில் வேலை பார்த்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள். படம் முடிந்த பிறகும் அவர்கள் பேச்சு முடியவில்லை. நள்ளிரவுக் குளிரில் நான் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு காத்திருந்தேன். ஜூன் மாதம் என்று நம்பி மெல்லிய சட்டையோடு இந்த ஊருக்கு யாரும் வராதீர்கள்.

ஜூன் 29, ஞாயிறு: கோயில், தலையில் மாட்டும் கருவி, ஏழு மணி

ஞாயிற்றுக்கிழமை இங்கே பெரிய கடைகள் எல்லாம் மூடிவிடும். காலையில் அக்கா முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பிளாஷ்கோ நிழற்சாலையில் இருக்கும் மயூரபதி முருகன் ஆலயம், 2013லிருந்து இந்த இடத்தில். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் மரங்களுக்கு நடுவே கோபுரம். பொங்கலும் கடலையும் பிரசாதம். கை நிறைய விபூதி. அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவர் என் நட்சத்திரத்தைக் கேட்டுவிட்டு, "கோயம்புத்தூரோ? மருதமலைக்குப் பக்கமோ?" என்றார். அந்த ஒரு கேள்விக்கே மனசு நிறைந்துவிட்டது.

மத்தியானம் வெயில் ஏறியது. ஒரு மாடியில் தலையில் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர்க் காட்சி. வரிசையில் முக்கால் மணி நேரம், காட்சி 6 நிமிடம். கண்ணை மறைக்கும் கருவியை ஒவ்வொருவருக்கும் துடைத்து, பட்டையைச் சரிபண்ணி மாட்டிவிடுகிறார்கள். உள்ளே ஒரு காலி வீட்டுக்குள் நடக்கிறோம். வேலைப்பாடு அருமை. தூசிகூட வெளிச்சத்தில் மிதந்தது. ஆனாலும் எனக்கு ஒட்டவில்லை. நேற்றிரவு படம் உறைந்தபோது பக்கத்து ஆளிடம் திரும்பிப் பேச முடிந்தது. இதில் பக்கத்தில் ஆளே இல்லை. எனக்கு முன்னால் பார்த்த பாட்டி கருவியைக் கழற்றியதும் முதலில் தேடியது பேத்தியின் கையைத்தான். இதைக் கலை இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு பேட்டை கூடிப் பார்க்கும் காரியத்துக்கு இது பொருந்தவில்லை என்பது என் கட்சி.

வரிசையை ஒழுங்குபடுத்திய பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். பெர்லின் அரசு 2025ஆம் ஆண்டுப் பண்பாட்டு நிதியில் ஏறக்குறைய 13 கோடி யூரோவை வெட்டிவிட்டது. அதன் அடி பெரிய அரங்குகளைவிடச் சின்ன இடங்களில்தான் பலமாக விழுகிறது என்றார். ஒரு புரொஜெக்டர் வாடகை, ஒரு மின்சாரப் பெட்டி, ஒரு வார அறை வாடகை, இதெல்லாம் யாராவது கொடுத்தால்தான் நடக்கும். அவரே சம்பளமில்லாமல் நிற்கிறார், திங்களன்று வேறு வேலைக்குப் போகிறார். அனுமதி இலவசம் என்று நாம் சந்தோஷப்படுகிறோம். அந்த இலவசத்துக்கான செலவை யாரோ தன் பையிலிருந்து போடுகிறார்கள். வாசலில் உண்டியல் இருந்தால் தயவுசெய்து போடுங்கள். நான் பார்த்த வரையில் பத்தில் இரண்டு பேர்தான் போட்டார்கள். கோவையில் எங்கள் உண்டியலுக்கும் இதே கதிதான். இதில் ஊர் வித்தியாசம் இல்லை.

ஒரு நல்ல பழக்கத்தையும் எழுதிவிடுகிறேன். காலிப் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு, பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட். படம் பார்த்தவர்கள் பாட்டிலைத் தொட்டிக்குள் போடாமல் அதன் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள். பொறுக்கி விற்பவர்கள் குப்பைக்குள் கைவிட வேண்டாம் என்பதற்காக.

7 மணிக்கு எல்லாம் முடிந்தது. சாவிக்கடை ஜன்னலில் அந்தப் பெண் காகிதத்தைக் கிழிக்காமல் சுருட்டிக்கொண்டிருந்தார். உதவிக்கு நானும் ஒரு முனையைப் பிடித்தேன். அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். இந்தப் படத்தை ரொட்டிக் கடைச் சுவரில் நிரந்தரமாக ஓடவிடக் கடைக்காரர் கேட்டிருக்கிறாராம். கூலியாகத் தினம் ரொட்டி தருவதாகச் சொன்னாராம். "பணமும் கேளுங்கள்" என்றேன். "கேட்டுவிட்டேன்" என்றார்.

ஜூன் 30, திங்கள்: சின்ன தியேட்டரில்

இன்று வெயில் சுட்டது. வெசர் தெருவில் வோல்ஃப் என்ற சின்ன சினிமாவுக்கு அண்ணையையும் அக்காவையும் கூட்டிப்போனேன். பொதுமக்களிடம் நிதி திரட்டி 2017ல் திறந்த தியேட்டர். முன்னால் காப்பிக் கடை, பின்னால் திரை. படம் பார்க்காதவர்களும் வந்து உட்கார்ந்து புத்தகம் படிக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தது ஆங்கில எழுத்தோடு ஒரு பிரெஞ்சுப் படம். அக்காவுக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் அவ்வளவு பழக்கமில்லை. அண்ணை காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். யாராவது அதட்டுவார்கள் என்று பயந்தேன். முன்வரிசைப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், அவ்வளவுதான்.

வெளியே வந்து எலுமிச்சைச் சோடா குடித்தோம். அண்ணை ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அவர்கள் போனில் ஏதேதோ படம் எடுக்கிறார்களாம். பாட்டிமாரை வைத்து, சமையலறையில், வாடகை வீட்டு மாடிப்படியில்.

"அதை இவங்களிட்ட குடுக்கலாம்தானே தம்பி? ஜன்னலுக்கு நான் இடம் பிடிப்பன். எனக்குத் தெரிஞ்ச மளிகைக் கடை ஒண்டு இருக்கு, ரெண்டு பெரிய கண்ணாடி."

அக்கா இடைமறித்து, பிள்ளைகள் தமிழில் பேசினால் ஜெர்மன்காரருக்கு எப்படி விளங்கும் என்றார். எழுத்துப் போட வேண்டும், அதை நான் கற்றுக்கொடுக்கிறேன் என்றேன். அண்ணை உடனே போனை எடுத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியைக்கு அழைப்புப் போட்டார். அடுத்த வருடத் திருவிழாவுக்கான அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிப்பது என்று முடிவாயிற்று. இதற்கிடையில் ஒன்றிரண்டு படத்தை எனக்கு அனுப்பினால் கோவையில் நாங்கள் முதலில் போடுகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். ஆசிரியை கேட்டது ஒன்றே ஒன்று: உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எடுத்தது ஏதாவது இருந்தால் பதிலுக்கு அனுப்புவீர்களா? இதுவரை எங்களிடம் இல்லை. ஊருக்கு வந்ததும் பள்ளிகளில் கேட்கத் தொடங்க வேண்டும். கோவை நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் தெருப் பள்ளியில் முதலில் நீங்களே பேசி வையுங்கள்.